வினாடிக்கு எட்டரை

பிட்காயின் என்ற டிஜிட்டல் பணம்தான் இனி எல்லாம் என்கிற அக்கா மகனோடு வாக்குவாதம் முற்றினால் எடுத்துப் போடுவதற்கென்றே பல வருஷமாக என்னிடம் ஓர் எண் இருந்தது. ஏழு. பிட்காயின் வலையில் வினாடிக்கு ஏழு பரிவர்த்தனைக்கு மேல் ஓடாது. விசா கார்டுக்காரர்களோ தங்கள் அமைப்பு வினாடிக்கு 65,000 தாங்கும் என்கிறார்கள். "ஏழு பேர் ஏறினா நிறைஞ்சுபோற பஸ்ஸை வச்சுக்கிட்டு ஊரையே ஏத்திக்கிட்டுப் போறேங்கறியே மாப்ள" என்பேன். அவன் சிரிப்பான், லைட்னிங் என்று எதையோ ஆரம்பிப்பான், அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். முப்பத்தோரு வருஷம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். அவனுக்கு இன்னும் முப்பது வயசே ஆகவில்லை. அவனை அடக்க அந்த ஏழே போதுமானதாக இருந்தது.

போன தை மாசம் மகளுக்காக ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்தோம். பாக்கித் தொகை 38 லட்சம். பணம் கணக்கில் ஏறின பிறகுதான் கையெழுத்து என்று விற்பவர் கறாராகச் சொல்லிவிட்டார், நியாயம்தான். பத்திரப்பதிவு அன்று காலை அக்கா மகன் காரோட்ட, கிளைக்குப் போனோம். டோக்கன் மெஷின் பக்கம் பதினைந்து பேராவது இருப்பார்கள். நான் டோக்கன் எடுக்கவில்லை. மேலாளர் பழைய கிளை ஒன்றில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. செக்கும் படிவமும் உள்ளிருந்தே கவுண்டருக்குப் போயின. பத்து நிமிஷத்தில், பணம் அனுப்பியதற்கு அடையாளமான யுடிஆர் நம்பர் எழுதின சீட்டு கைக்கு வந்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வண்டியை விட்டோம்.

அங்கே அவர் வேப்பமரத்தடியில் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் மெசேஜ் வரலீங்களே சார்." வந்துரும் என்றேன். பத்து நிமிஷம் கழித்தும் அதையே சொன்னார். பத்திர எழுத்தர் இரண்டு தடவை வந்து எங்கள் முறை நெருங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என் வங்கி, என் சீட்டு, என் முப்பத்தோரு வருஷம் எல்லாம் அந்த மரத்தடியில் விற்பவரின் போன் திரைக்காகக் காத்திருந்தன. அக்கா மகன் கார் கதவில் சாய்ந்தபடி, "பிட்காயினா இருந்தா இந்நேரம் ரெண்டு பிளாக் ஏறியிருக்கும் மாமா" என்றான். பத்து நிமிஷத்துக்கு ஒரு கட்டாகப் பரிவர்த்தனைகள் பதிவாவதைத்தான் பிளாக் என்பான். சும்மா இருந்திருக்கலாம். "ஏழு" என்றேன். வழக்கம்போல் சிரிக்காமல் அவன் திருப்பிக் கேட்டான்: "சரி மாமா. இப்ப அனுப்பினீங்களே ஆர்டிஜிஎஸ், அது வினாடிக்கு எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. ஆர்டிஜிஎஸ் என்பது வங்கிக்கு வங்கி பெரிய தொகைகளை அனுப்பும் ஏற்பாடு. ஆயிரக்கணக்கான ஆர்டிஜிஎஸ் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2004 மார்ச்சில் அது வந்தபோது எங்கள் வட்டாரத்துக்கே நான்தான் பயிற்சி வகுப்பு எடுத்தேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. நல்லவேளையாக விற்பவரின் போன் அப்போது கிணுங்கியது. எல்லோரும் உள்ளே ஓடினோம்.

அன்று இரவு வீடு அடங்கின பிறகு ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆர்டிஜிஎஸ் படிவ நகலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 2023-24ல் மொத்தம் சுமார் 27 கோடி ஆர்டிஜிஎஸ் பரிவர்த்தனைகள். அந்த நிதியாண்டில் லீப் வருஷத்து பிப்ரவரி வருகிறது, ஆகவே 366 நாள். 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது என்பதால் ஒரு வினாடியையும் கழிக்க வேண்டியதில்லை: 3,16,22,400 வினாடி. வகுத்தேன். 8.54 வந்தது.

எங்கோ ஒரு சைபர் விட்டுப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், பிறகு பழைய பழக்கத்தில் கையாலும் போட்டேன். எட்டரைதான். ஒரு தேசத்தின் பெரும் பணமெல்லாம் போய்வருகிற பாதை, வினாடிக்கு எட்டரை. சரி, நாம்தான் இப்படியோ என்று அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் பெட்வயரைப் பார்த்தேன். 2023-ல் அதில் ஓடியது சுமார் 19 கோடி. வருஷத்தின் எல்லா வினாடிக்கும் பரப்பினால் ஆறு. அலுவலக நாள்களுக்கு மட்டும் பரப்பினால் இன்னும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். பிட்காயினில் 2024 வாக்கில் நாளொன்றுக்கு நாலைந்து லட்சம் பரிவர்த்தனை, அதாவது வினாடிக்கு ஐந்து ஆறு. மூன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். இத்தனை வருஷமாக நான் பஸ் என்று எதைக் கிண்டல் செய்தேனோ, அதே அளவு பஸ்ஸின் கண்டக்டராகத்தான் நானும் இருந்திருக்கிறேன்.

கிளியரிங் மேஜை

தூக்கம் வரவில்லை. 1990 வாக்கில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெற்கே ஒரு ஊரில் கிளியரிங் வேலை பார்த்தது நினைவுக்கு வந்தது. பெரிய கிளை ஒன்றின் மாடியில் ஒரு நீளமான அறை. காலையில் ஒன்பது வங்கிகளின் ஆட்கள் ஒன்பது பைகளோடு வந்து மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு செக்குக் கட்டு, அதன்மேல் கூட்டல் மெஷினின் காகித நாடா, ரப்பர் பேண்டு. கட்டுகள் கை மாறும். நான் கொடுத்தது இவ்வளவு, வாங்கினது இவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுப்போம். எல்லாத் தாளும் கூட்டினால் சைபர் வர வேண்டும். வராது. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார் ஒரு பெரியவர். மீதியில்லாமல் வகுபட்டால், "எவனோ அம்பத்துநாலை நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கான், தேடுங்கடா" என்பார். பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

அந்த மேஜையில் ஒரு நாளில் ஆயிரத்தைந்நூறு செக்கு கை மாறினால், கடைசியில் நிஜமாகப் பணம் நகர்ந்தது ஒன்பதே ஒன்பது தொகைகளாக. சில வங்கிகளுக்கு வர வேண்டியது, சில வங்கிகள் தர வேண்டியது. மளிகைக்கடைக்காரர் கொடுத்த செக்கு, டாக்டருக்குப் போன செக்கு எல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு மிச்சம் மட்டும் நகரும். செக்குகளின் எண்ணிக்கை எங்கள் கைவலி. செட்டில்மென்ட் என்பது அந்தக் கடைசித் தாள்.

யுபிஐயும் அதே மேஜைதான். 2025 ஆகஸ்டில் அது மாதத்துக்கு 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. சராசரியாகவே வினாடிக்கு ஏழாயிரத்துக்கு மேல். டீக்கடையில் ஸ்பீக்கர் "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும்போது பணம் வந்துவிட்டது என்றே கடைக்காரர் நினைக்கிறார். அவர் கணக்கைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அவருடைய வங்கிக்கு என்னுடைய வங்கி அந்தப் பத்து ரூபாயை அந்தக் கணமே கொடுத்துவிடவில்லை. நாளுக்குப் பத்துச் சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒரு வங்கிக்கு ஒரு தொகை என்று அது ரிசர்வ் வங்கியில் ஆர்டிஜிஎஸ் வழியாகத் தீர்கிறது. வினாடிக்கு ஏழாயிரத்தையும் கடைசியில் சுமப்பது என் எட்டரைதான். அதுவும் கஷ்டமே இல்லாமல்.

ஆக நான் பிட்காயினை விசாவோடு ஒப்பிட்டது, கடைசித் தாளைக் கொண்டுபோய்ச் செக்குக் கட்டோடு ஒப்பிட்ட கதை. இதில் எனக்குச் சின்ன ஆறுதல் உண்டு: இந்தத் தப்பை முதலில் செய்தவர் பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோவேதான். 2008 நவம்பரில், பிட்காயின் ஓடவே தொடங்காத காலத்தில், ஜேம்ஸ் டொனால்டு என்பவர் இது பெரிய அளவுக்குத் தாங்காதே என்று ஆட்சேபித்தார். சதோஷி பதிலுக்கு விசாவின் கணக்கைத்தான் எடுத்தார்: அந்த நிதியாண்டில் 3,700 கோடி, நாளுக்குப் பத்துக் கோடி, அவ்வளவையும் ஊருக்கெல்லாம் ஒலிபரப்பினாலும் பெரிய செலவில்லை என்று. ஆரம்ப நாள்களிலேயே அவரிடமிருந்து பிட்காயின் பெற்ற ஹால் ஃபின்னி, இரண்டே வருஷத்தில், 2010 டிசம்பரில், விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். உலகத்தின் எல்லாப் பரிவர்த்தனையையும் ஒரே சங்கிலியில், அதாவது பிட்காயினின் பொதுப் பேரேட்டில், ஏற்ற முடியாது, மேலே இன்னொரு அடுக்கு வரும், பிட்காயினை இருப்பாக வைத்துக்கொண்டு வங்கிகளே வரும் என்று எழுதினார். ஒரு வங்கிக்காரன் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார்.

அந்த அடுக்கு வந்தும்விட்டது. மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா மகனிடம், பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் அவன் வைத்திருந்த கணக்கைக் காட்டச் சொன்னேன். இரண்டு வருஷத்தில் நானூற்றுச் சொச்சம் தடவை வாங்கி விற்றிருந்தான் (எவ்வளவு போச்சு என்று கேட்கவில்லை, அக்கா பக்கத்தில் இருந்தாள்). "இதுல சங்கிலியில ஏறினது எத்தனை?" என்றேன். யோசித்தான். "ரெண்டு. ஒருதடவை உள்ள போட்டேன், ஒருதடவை வெளிய எடுத்தேன்." மீதியெல்லாம் அந்த எக்ஸ்சேஞ்சின் சொந்தப் பேரேட்டில் நடந்த பற்றுவரவு. அதாவது அவனுக்கே தெரியாமல் அவன் ஒரு வங்கியில் கணக்கு வைத்திருந்தான். டெபாசிட் இன்சூரன்ஸ் இல்லாத வங்கி, தணிக்கைக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாத வங்கி. 2014-ல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் சுமார் எட்டரை லட்சம் பிட்காயினைக் காணோம் என்று மூடியதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்ததும் இந்த மேல் அடுக்கில்தான். கீழே சங்கிலி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கமும் அப்படியொன்றும் யோக்கியம் இல்லை. 1974 ஜூன் 26, ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஹெர்ஷ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் மத்தியானத்துக்கு மேல் இழுத்து மூடினார்கள். அதற்குள் எதிர்த்தரப்பு வங்கிகள் தங்கள் ஜெர்மன் மார்க்கைக் கொடுத்துவிட்டன; நியூயார்க்கில் அப்போது இன்னும் காலைதான் என்பதால் அவர்களுக்கு வர வேண்டிய டாலர் வரவேயில்லை. கொடுத்தவன் கொடுத்தபடி நிற்க, வாங்கினவன் கடையைக் கட்டிவிட்டான். தீராமல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்று அதிலிருந்துதான் உறைத்தது. ஒவ்வொரு பெரிய தொகையையும் தனித்தனியாக, அந்தக் கணமே, திரும்பப் பெற முடியாதபடி தீர்க்கும் ஆர்டிஜிஎஸ் பல நாடுகளில் பரவியதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

எத்தனை என்பதும் எவ்வளவு என்பதும்

எட்டரை என்பது கணினியின் எல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆர்டிஜிஎஸ் மெஷினால் இன்னும் எத்தனையோ மடங்கு தாங்க முடியும். யுடிஆர் நம்பரையே பாருங்கள், 22 எழுத்து: முதல் நாலு வங்கியின் குறியீடு, பிறகு ஆர்டிஜிஎஸ் என்பதற்கு ஓர் எழுத்து, எந்த வழியாக வந்தது என்பதற்கு ஓர் இலக்கம், அன்றைய தேதி எட்டு இலக்கம், கடைசி எட்டு இலக்கம் வரிசை எண். ஒரு வங்கிக்கு ஒரு நாளில் பத்துக் கோடி வரை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். நாட்டிலிருக்கும் எல்லா வங்கியும் சேர்ந்து ஒரு நாளில் அனுப்புவதோ ஏழெட்டு லட்சம். என் சீட்டில் அந்த எட்டு இலக்கத்தில் முன்னால் பாதி சைபராகவே இருந்தது.

அந்த வருஷத்து 27 கோடியில் நகர்ந்த தொகை சுமார் 1,709 லட்சம் கோடி ரூபாய். ஒன்றுக்குச் சராசரி 63 லட்சம். என் 38 லட்சம் சராசரிக்கும் கீழே. தலைமை அலுவலகத்தில் நிதிப் பிரிவில் இருந்த என் பழைய சகா ஒருவரிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எத்தனை போகும்னு நாங்க என்னிக்குமே கவலைப்பட்டது இல்லைய்யா. எப்போ, எவ்வளவு கையில இருக்குங்கறதுதான் பாடு." ரிசர்வ் வங்கியில் இருக்கும் தன் கணக்கில் இருப்பு இருந்தால்தான் ஒரு வங்கியின் பெரிய தொகை நகரும். இல்லையென்றால் வரிசையில் நிற்கும். அரசுக் கடன்பத்திரங்களை ஈடு காட்டி அன்றைக்குள் திருப்புகிற கடனாக ரிசர்வ் வங்கியிடம் வாங்கலாம். அல்லது அடுத்த வங்கி தனக்குத் தர வேண்டியது வரட்டும், பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்கலாம். எல்லோரும் அப்படியே காத்திருந்தால் ஒன்றுமே நகராது. "நீ மொதல்ல போ, நீ மொதல்ல போன்னு நாலு வண்டி ஜங்ஷன்ல நிக்கும் பாரு, அந்த மாதிரி" என்றார் அவர். அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கே மென்பொருளில் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

பிட்காயினில் முடிச்சு வேறு இடத்தில். ரிசர்வ் வங்கியின் பேரேட்டைப் பார்க்க வேண்டியது ரிசர்வ் வங்கி மட்டும். பிட்காயினின் பேரேட்டையோ உலகத்தில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கணினியில் முழுசாக வைத்துச் சரிபார்க்கலாம். அதுதான் அதன் பெருமையே. பிளாக்கைப் பெரிதாக்கினால் கூடுதலாக ஏற்றலாம், ஆனால் சரிபார்க்கிறவனுக்குச் செலவு ஏறும், சரிபார்க்கிறவர்கள் குறைவார்கள். 2010-ல் சதோஷி வைத்த ஒரு மெகாபைட் வரம்பை உயர்த்தலாமா என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டு, 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஒரு கோஷ்டி எட்டு மெகாபைட்டோடு பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போயிற்று. ரோடு அகலமானது, வண்டிதான் வரவில்லை. அதன் பிளாக்குகள் பெரும்பாலும் காலியாகத்தான் ஓடுகின்றன. சொலானா மாதிரியான வலைகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் என்று சொல்லிக்கொள்ளும்போது, சரிபார்ப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஓட்டுகளையும் சேர்த்து எண்ணுவது உண்டு. மேஜையில் இருக்கும் ரப்பர் பேண்டையும் செக்காக எண்ணின மாதிரி.

கூட்டம் வந்தால்

இத்தனைக்கும் பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்வியைவிட, ஏற முடியாதவனுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி யுபிஐ நாடெங்கும் மணிக்கணக்கில் திணறியது. காரணம் பணம் அனுப்பியவர்களின் கூட்டம்கூட இல்லை. அனுப்பினது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததா என்று சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான். அதற்குப் பிறகு ஆகஸ்டில், ஒரு செயலியில் நாளுக்கு 50 தடவைக்கு மேல் இருப்பைப் பார்க்கக் கூடாது என்று வரம்பு வந்தது. வங்கி உலகம் கூட்டத்தைச் சமாளிக்கும் முறை இதுதான். கதவைச் சாத்தும், விதி போடும், அறிவிப்புப் பலகை மாட்டும். 2021 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேம்படுத்தும் வேலைக்காக ஆர்டிஜிஎஸ்ஸையே பதினாலு மணி நேரம் நிறுத்தினார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான்.

பிட்காயின் கதவைச் சாத்துவதில்லை, ஏலம் போடுகிறது. 2024 ஏப்ரல் 20 அன்று, பிளாக்குகளை உருவாக்குகிற சுரங்கக்காரர்களின் வெகுமதி பாதியான நாளில், ரூன்ஸ் என்ற புது வகை டோக்கனைப் பதிவு செய்யக் கூட்டம் முண்டியடித்தது. ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. சங்கிலி நிற்கவில்லை, பத்து நிமிஷத்துக்கொரு பிளாக் வந்துகொண்டுதான் இருந்தது. ஆயிரம் ரூபாய் அனுப்ப நினைத்தவன் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டான். என் கண்ணில் அது கொடுமை. எவ்வளவு மோசமான கிளையிலும் பென்ஷன் வாங்க வரும் பாட்டியிடம், இன்றைக்குக் கூட்டம், எட்டாயிரம் கட்டினால்தான் உன் பணம் நகரும் என்று நாங்கள் சொன்னதில்லை.

இதைத்தான் அக்கா மகனிடம் கடைசியாகச் சொன்னேன். அன்றைக்கு அவன் தன் பழைய வாலட்டிலிருந்து புதியதற்குக் கொஞ்சம் பிட்காயினை மாற்றிக்கொண்டிருந்தான். பரிவர்த்தனையின் அடையாளத்தைக் காட்டினான்: 64 எழுத்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து அர்த்தமில்லாமல் நீண்டது. "இதுல வரிசை எண் எங்கடா?" என்றேன், யுடிஆர் ஞாபகத்தில். வரிசை எண் கிடையாதாம். காத்திருக்கிறவர்களின் பட்டியலை இன்னொரு திரையில் காட்டினான். யார் எவ்வளவு கட்டணம் கட்டியிருக்கிறார்களோ அந்த அடுக்கில் நின்றார்கள். முதலில் வந்தவன், பின்னால் வந்தவன் என்ற பேச்சே இல்லை.

"பார்த்தியா, டோக்கன் சிஸ்டமே இல்லை. காசுள்ளவன் முன்னால போறான்" என்றேன்.

அவன் போனை மடியில் வைத்தான். "அன்னிக்குப் பதினஞ்சு பேர் டோக்கனோட நின்னாங்க மாமா. நீங்க மேனேஜர் ரூமுக்குள்ள போயிட்டீங்க, காபி கொடுத்தாங்க. நானும் குடிச்சேன், இல்லேங்கல." ஸ்பூனால் தட்டில் மிச்சமிருந்த கேசரியை வழித்தான். "இங்க ரேட்டை வெளியில எழுதி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."